டொக் டொக் சத்தம்: எஞ்சினை இறக்குவதற்கு முன்

கேள்வி, 3 ஜூன்

என்னுடையது இருபது வருடத்துக்கு மேல் ஆன வண்டி. ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், காற்றில் குளிர்வது. கொஞ்ச நாளாக ஐட்லிங்கில் எஞ்சினுக்குள் டொக் டொக் என்று ஒரு சத்தம். மெக்கானிக் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராடு போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஆயில் அளவு சரியாக இருக்கிறது, புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. இறக்கித்தான் ஆக வேண்டுமா?

3 ஜூன், இரவு

இறக்காதீர்கள், இப்போதைக்கு.

மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம், பழகின காது பல விஷயங்களைக் கேட்டே சொல்லிவிடும். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று ஒட்டவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு (எஞ்சினின் சுழலும் அச்சு) இணைக்கிற அந்த ராடின் பிக் எண்ட் பேரிங், அதாவது கிராங்க் பக்கத்து பேரிங், போன வண்டி ஐட்லிங்கில் ஓரளவு அடங்கிக் கிடந்து, ஏற்றத்திலோ பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போதோதான் அடித்துக் காட்டும். உங்களுடையது தலைகீழாக இருக்கிறது.

இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்: குளிர்ந்த எஞ்சினில் அதிகமா, சூடான பிறகு அதிகமா? ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து ஒரே வேகத்தில் பிடித்தால் என்ன ஆகிறது? டக்கென்று விட்டால்? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? எஞ்சின் ஓடும்போது கிக்கரைக் காலால் மெல்ல அழுத்தினால்? அப்புறம், இந்தச் சத்தம் வருவதற்கு முன்னால் வண்டியில் யாராவது எதையாவது கழற்றி மாட்டினார்களா?

4 ஜூன்

இத்தனை கேள்வி எதற்கு, நேராக விஷயத்துக்கு வரக்கூடாதா என்கிறார் இன்னொருவர். இதுதான் விஷயம். எஞ்சினில் சத்தம் *எங்கே* என்று காதை வைத்துச் சொல்வது கஷ்டம். எல்லாப் பாகமும் ஒரே அலுமினியக் கூட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் தட்டுவது ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) கேட்கும், ஹெட்டில் தட்டுவது மேக்னெட் கவரில் (மின்சாரம் உண்டாக்குகிற சுழல் காந்தத்தின் மூடி) கேட்கும், பக்கவாட்டுக் கவர்கள் மெல்லியவை என்பதால் எதைக் கொடுத்தாலும் பெரிதாக்கிக் காட்டும். எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்பதைத்தான் நான் நம்புவேன்.

பிஸ்டன் அடியை, அதாவது தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் உதைக்குக் கிளம்பியதும் மந்தமாக டப் டப் என்று கேட்கும், எஞ்சின் சூடாக ஆகக் காணாமல் போகும். அலுமினிய பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு ஸ்லீவை விட அதிகமாக விரியும், இடைவெளி தானாக அடைபடும், அவ்வளவுதான். லேசான பிஸ்டன் அடியோடு வருடக் கணக்கில் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன. ஆயில் குடிக்கவில்லை என்றால் நான் அதில் கை வைக்க மாட்டேன். பிக் எண்ட் இதற்கு நேர் எதிர். குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்மானத்தை மூடி மறைக்கும், சூடாகி ஆயில் நீர்த்த பிறகுதான் குட்டு வெளிப்படும், அதுவும் லோடு ஏறும் நேரத்தில் கனமாக டங் டங் என்று. கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங் தட்டாது, உறுமும், காதுக்கு முன்னால் கால்மிதிக்குத் தெரிந்துவிடும். பிஸ்டனை ராடோடு கோக்கிற பிஸ்டன் பின் தேய்ந்தால் கூர்மையாக அடுத்தடுத்து இரண்டு தட்டு. கேம் ஷாஃப்டைச் சுற்றுகிற டைமிங் செயின் தளர்ந்தால் சரசர, ஆக்சிலேட்டரை விட்டதும் கடகட. டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளுகிற ராக்கருக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) போடுகிற டிக் டிக் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நாக்கிங் வேறு கதை. மேல் கியரில் ஏற்றத்தில் முறுக்கினால் தகர டப்பாவில் கோலி உருட்டின மாதிரி வருமே, அதற்குப் பாகம் எதுவும் தேய்ந்திருக்க வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் மிச்சம் இருக்கிற கலவை, தீ வந்து சேர்வதற்குள் தானாக வெடிப்பதால் வருவது அது. ஹெட்டில் கார்பன், முன்னால் தள்ளி வைத்த இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), பெட்ரோல் குறைந்த கலவை, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

5 ஜூன்

திருப்புளியை வைத்துக் கேட்பது எப்படி என்று கேட்டவருக்கு: நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்துங்கள். காதுக்குள்ளேயே விடாதீர்கள், கை வழுக்கினால் அப்புறம் எந்த எஞ்சின் சத்தமும் உங்களைத் தொந்தரவு செய்யாது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடின ஷெட்டுக்குள் ஓட விட்டுக் குனிந்து கேட்டுக்கொண்டே இருப்பது ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

புகை கசிவுக்குத் திருப்புளியை விட ரப்பர் குழாய் நல்லது. ஒரு முனையைக் காதோடு வைத்து, மறு முனையை சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தைச் சுற்றி நகர்த்துங்கள், தொடாமல். டிக் டிக் என்று டேப்பட் போலவே கேட்கிற சத்தத்தில் பல தடவை அங்கே போன பேக்கிங்தான் காரணம்.

5 ஜூன், இரவு

"கெட்டி ஆயில் ஊற்று, போய்விடும்" என்கிறார் ஒருவர். போகும். சத்தம் போகும், தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும். கார் ஆயிலை ஊற்றச் சொன்னவர் அதற்கும் ஒரு படி மேலே. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன. இப்போதைய கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற சரக்கு சேர்த்திருப்பார்கள், கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ஜப்பான்காரர்கள் 1998இல் ஜாசோ எம்ஏ என்று பைக் ஆயிலுக்குத் தனித் தரம் கொண்டுவந்ததே இந்தத் தலைவலிக்காகத்தான். டப்பாவில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

"டேப்பட்டை டைட் வை" என்பது அடுத்த யோசனை. சத்தம் போடுகிற டேப்பட்டை விட, சத்தமே போடாத டேப்பட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். சின்ன எஞ்சின்களில் 0.05இலிருந்து 0.10 மி.மீ. வரைக்கும்தான் பொதுவாக இடைவெளி சொல்லியிருப்பார்கள். சத்தம் அடங்கட்டும் என்று அதையும் இல்லாமல் செய்துவிட்டால், எஞ்சின் சூடானதும் எக்சாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. அந்த வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கி வைப்பதே சீட்டில் உட்காருகிற நேரத்தில்தான். உட்கார விடவில்லை என்றால் ஓரம் கருகி கம்ப்ரெஷன் போகும். உங்கள் வண்டிக்குக் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதை வையுங்கள், குளிர்ந்த எஞ்சினில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்து. பிஸ்டன் மேலே வருகிற நேரம் இரண்டு உண்டு, கம்ப்ரெஷனில் வருகிற மேல்முனைதான் வேண்டும். இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.

6 ஜூன்

வண்டிக்காரர் பதில் போட்டுவிட்டார். சுருக்கமாக: ஐட்லிங்கில் அதிகம், குளிரோ சூடோ பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் முறுக்கி ஒரே வேகத்தில் பிடித்தால் சத்தமே இல்லை. விட்டதும் திரும்ப ஐட்லிங்குக்கு இறங்குகிற நேரத்தில் கடகடவென்று ஒரு தொடர், அப்புறம் பழைய டொக் டொக். கிளட்ச் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். கிக்கரை அழுத்தினாலும் அப்படியே. ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. வண்டியை யாரும் கழற்றவில்லை.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "சில சமயம் கிக்கர் திருப்பி அடிக்கிறது, அது வேறு பிரச்சினை, அப்புறம் கேட்கிறேன்."

வேறு பிரச்சினையா என்று எனக்கு சந்தேகமாக இருக்கிறது. யோசித்து எழுதுகிறேன்.

6 ஜூன், இரவு

முதலில் கிளட்ச் பேஸ்கட் (கிளட்ச் தகடுகளைச் சுற்றியிருக்கிற வெளிக்கூடு) என்றுதான் நினைத்தேன். கிராங்கிலிருந்து அதைச் சுற்றுகிற பிரைமரி கியருக்குள் இருக்கிற டேம்பர் ஸ்பிரிங்குகள் தளர்ந்தாலும் இதே கதைதான், ஐட்லிங்கில் கடகட, முறுக்கினால் அமைதி. கிளட்ச் பிடித்தும் மாறவில்லை என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. லீவரைப் பிடித்தால் நிற்பது உள்ளே இருக்கிற ஹப்பும் கியர் பாக்ஸும்தான், பேஸ்கட் கிராங்கோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதைக் கவனிக்காமல் "கிளட்ச் பிடித்துப் பார்த்தோம், கிளட்ச் இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

ஆனால் கிளட்ச் பேஸ்கட்டுக்கும் கிக்கர் திருப்பி அடிப்பதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கிக்கர் திருப்பி அடிக்கிறது என்றால் ஸ்பார்க் வரவேண்டிய நேரத்துக்கு முன்னால் வருகிறது. சில சமயம் மட்டும் அடிக்கிறது என்றால் அந்த நேரம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்பார்க் நேரத்தையும் தட்டுகிற சத்தத்தையும் ஒரே பாகம் உண்டாக்க முடியுமா? முடியும். மேக்னெட்.

7 ஜூன்

மேக்னெட் எப்படி டொக் டொக் என்று தட்டும் என்று கேட்கிறீர்கள். ஒற்றை சிலிண்டரில் கிராங்க் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. வெடிக்கும்போது பாய்கிறது, அடுத்து கம்ப்ரெஷன் வரும்போது திணறுகிறது. ஐட்லிங்கில் இந்த ஏற்ற இறக்கம்தான் மிக அதிகம். கிராங்கின் நுனியில் மாட்டியிருக்கிற மேக்னெட் ரோட்டார் நல்ல கனம். அது நூலளவு தளர்ந்திருந்தால்கூட, கிராங்க் பாயும்போது பின்தங்கி, திணறும்போது முந்தி, இரண்டு பக்கமும் மோதிக்கொண்டே இருக்கும். வேகம் ஏறினால் ஓட்டம் சீராகும், மோதல் நின்றுவிடும். அந்த மோதல் நேராகக் கிராங்கிலேயே விழுவதால், கேட்பவர் காதுக்கு அச்சு அசல் ராடு சத்தம்.

7 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

தாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று ஒருவர். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும், 1200 ஆர்பிஎம் ஐட்லிங்கில் கிராங்க் வினாடிக்கு 20 சுற்று, கேம் 10. அதனால் சைலன்சரிலிருந்து வருகிற ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தட்டு என்றால் மேல்பக்கம், இரண்டு தட்டு என்றால் கீழ்ப்பக்கம் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரி, முடிவு அரைகுறை. பிஸ்டன் அடியும் ராடு சத்தமும் வெடி அழுத்தத்தில்தான் பெரிதாகக் கேட்கும், வெடியோ இரண்டு சுற்றுக்கு ஒன்று. ஆகவே கீழே இருக்கிற கோளாறும் பாதி வேகத்தில் தட்டலாம். ஒரு வெடிக்கு இரண்டு தட்டு வந்தால் கேம் பக்கத்துக்கு வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம், அதற்கு மேல் இதை வைத்து எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பக்கூடாது.

8 ஜூன்

அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்காதீர்கள் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் முன்னால் ஒரு பழைய வண்டி இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஹெட் பக்கம் கிணுகிணு என்று ஆரம்பிக்கும், அந்த வேகத்தைத் தாண்டினால் நின்றுவிடும். பார்த்த மெக்கானிக் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஒருவர் வால்வு கைடு, ஒருவர் கேம் பேரிங், ஒருவர் "பழைய வண்டின்னா அப்படித்தான்". ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததும் நடந்தது, உள்ளே எல்லாம் சுத்தம். கடைசியில் எஞ்சின் ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கிற மவுண்டிங் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. நட்டு கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது, ஸ்பேனர் போட்டால் கால் சுற்று போனது. அதோடு கிணுகிணு போயே போய்விட்டது.

அன்றிலிருந்து எந்தச் சத்தம் என்றாலும் முதலில் ஸ்பேனர் செட்டோடு வெளியே ஒரு சுற்று. எஞ்சின் மவுண்டிங், சைலன்சர் கிளாம்ப், சைலன்சர் மேல் இருக்கிற வெப்பத் தகடு, செயின் கவர், சிலிண்டர் விசிறிகளுக்கு (குளிர்வதற்காகச் சுற்றிலும் நீட்டியிருக்கிற தகடுகள்) இடையில் வைக்கிற ரப்பர் துண்டுகள். அந்த ரப்பர் காய்ந்து விழுந்துவிட்டால் விசிறிகளே ரீங்காரம் போடும். எஞ்சின் ஓடும்போது சந்தேகப்பட்ட இடத்தைத் தடித்த கையுறை போட்டோ மரக்கட்டையாலோ அழுத்திப் பாருங்கள், சத்தம் மாறினால் பாதி வேலை முடிந்தது.

9 ஜூன்

வண்டிக்காரர் மேக்னெட் கவரைக் கழற்றப் போகிறாராம். சில வண்டிகளில் அந்தக் கவருக்குள் ஆயில் இருக்கும், முதலில் வடித்துவிட்டோ வண்டியை மறுபக்கம் சாய்த்தோ கழற்றுங்கள். புதுப் பேக்கிங் கையில் இருக்கட்டும்.

கழற்றினதும் சும்மா பிடித்து ஆட்டாதீர்கள். ஆட்டினால் கிராங்கும் சேர்ந்துதான் ஆடும், எது ஆடுகிறது என்று தெரியாது. வெள்ளை மார்க்கரால் கிராங்க் நுனியிலிருந்து ரோட்டார் மேல் வரை ஒரே கோடு இழுங்கள். டாப் கியரில் போட்டு யாரையாவது பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, ரோட்டாரை இரண்டு பக்கமும் முறுக்குங்கள். கோடு உடைகிறதா பாருங்கள். உலர்ந்த கவர் என்றால் நட்டைச் சுற்றி செம்பழுப்பில் பவுடர் மாதிரித் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரும்போடு இரும்பு உராய்ந்தால் வருவது அது.

9 ஜூன், மாலை

"நட்டு கல்லு மாதிரி இருக்கிறது. கோடு உடையவில்லை. தூளும் இல்லை. டைமிங் லைட் அடித்தும் பார்த்தோம், எஃப் குறி அசையாமல் நிற்கிறது. மேக்னெட் இல்லை."

இருங்கள், இருங்கள். இரண்டு விஷயம்.

ஒன்று, கோட்டை எது வரைக்கும் இழுத்தீர்கள்? ரோட்டார் ஒரே வார்ப்பு இல்லை, பல வண்டிகளில் அது இரண்டு துண்டு. கிராங்கில் உட்காருகிற நடு பாஸ் ஒன்று, காந்தம் ஒட்டியிருக்கிற வெளிக் கிண்ணம் இன்னொன்று, இரண்டையும் ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். நட்டு பிடித்திருப்பது பாஸை மட்டும்தான். ரிவெட் தளர்ந்தால் நட்டு கல்லாகவே இருக்கும், கிண்ணம் தனியாக ஆடும். கோட்டைக் கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் நீட்டி, விளிம்பைப் பிடித்து முறுக்குங்கள்.

இரண்டு, டைமிங் லைட் இந்த விஷயத்தில் குருடு. ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னி, ஸ்பார்க் நேரத்துக்கான எஃப் குறி எங்கே நிற்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஸ்பார்க்குக்குச் சைகை கொடுக்கிற மேடு இருப்பது கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில், எஃப் குறி இருப்பதும் அதே கிண்ணத்தில். கிண்ணம் கிராங்கை விட்டு எவ்வளவு நகர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தேதான் நகரும், லைட்டில் எப்போதும் சரியாகத்தான் தெரியும். பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விட்டு, கையை விடாமல் பிஸ்டனின் உண்மையான மேல்முனையைக் கண்டுபிடியுங்கள். உச்சியில் பிஸ்டன் கொஞ்ச நேரம் நிற்கிற மாதிரி இருக்கும், அதனால் உச்சிக்கு முன்னும் பின்னும் குச்சி ஒரே அளவு இறங்குகிற இரண்டு இடங்களைக் குறித்து நடுவை எடுங்கள். அந்த நடுவில் டி குறி (ரோட்டாரில் மேல்முனையைக் காட்டுகிற குறி) நிற்கிறதா?

11 ஜூன்

டி குறி தள்ளி நிற்கிறது. கோடும் பாஸைத் தாண்டின இடத்தில் உடைந்துவிட்டது. விளிம்பைப் பிடித்துத் திருப்பினால் கையிலேயே க்ளிக் க்ளிக் என்று அடிக்கிறதாம். கழற்றிப் பார்த்ததில் ரிவெட் தலை ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பாக மை பூசின மாதிரி வளையம், அவருடைய கவருக்குள் ஆயில் இருப்பதால் தூளெல்லாம் பசையாகிவிட்டது. அதனால்தான் நட்டுப் பக்கம் சுத்தமாக இருந்தது.

புல்லர் (ரோட்டாரை இழுத்து எடுக்கிற கருவி) போட்டுக் கழற்றியிருக்கிறார், நல்லது. சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்கள் காந்தத்தை உடைப்பார்கள், கிராங்கையும் கோணலாக்குவார்கள்.

11 ஜூன், இரவு

ரிவெட்டை வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வைக்க மாட்டேன். சூட்டில் காந்தத்தின் பலம் குறையலாம், ஒட்டியிருக்கிற பசை விடலாம், எடைச் சமநிலையும் போகும். அது உங்கள் கணுக்காலுக்குப் பக்கத்தில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிற பொருள். வேறு நல்ல ரோட்டார் தேடுங்கள், பழையதானாலும் ரிவெட் அசையாததாக.

மாட்டும்போது: கிராங்கின் டேப்பரும் (கூம்பு போல் சரிந்த நுனி) ரோட்டாரின் உள்பக்கமும் ஆயில் இல்லாமல் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். பிடிப்பு முழுக்க அந்த டேப்பரில்தான். சின்னப் பிறைவடிவ கீ இருப்பது ரோட்டாரைச் சரியான கோணத்தில் உட்கார வைக்க மட்டும், சுமையை அது தாங்காது. டேப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கீ நசுங்கும், பழையபடி டொக் டொக். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கீ இல்லாமல் ரோட்டாரை வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், இரண்டும் எங்கெல்லாம் சேர்கின்றன என்று மங்கலான சாம்பல் நிறத்தில் தெரியும். பிறகு பேஸ்ட்டைத் துளி இல்லாமல் கழுவிவிட்டு, கீ வைத்து, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள்.

15 ஜூன்

சத்தம் போயிற்று, கிக்கரும் அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். மெக்கானிக்கைத் திட்டி நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், அது வேண்டாம். காதை வைத்து மட்டும் கேட்டிருந்தால் நானும் ராடு என்றுதான் முதலில் நினைத்திருப்பேன்.

16 ஜூன்

"என் வண்டியில் ஏற்றத்தில்தான் தட்டுகிறது, சூடானதும் அதிகம், அப்போது அது ராடுதானே?" என்று புதிதாக ஒருவர். இருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டி, காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, பேரிங்கோ கியரோ. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியம், அனேகமாக பிஸ்டன். மஞ்சளாக மின்னினால் புஷ் (வெண்கல உள்வளையம்).

பிளாக்கை (சிலிண்டர்) கழற்றிவிட்டால் ஒன்று மட்டும் கவனியுங்கள். ராடைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டி "பாருங்க, எவ்வளவு ஆடுது" என்பார்கள். பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், எவ்வளவு என்று கையேட்டில் அளவே கொடுத்திருப்பார்கள். கிராங்கை மேல்முனையில் அசையாமல் நிறுத்தி, ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்து அழுத்துங்கள், இரண்டு கையாலும், சுற்றவிடாமல். அந்தத் திசையில் கைக்குத் தெரிகிற மாதிரி துளி ஆட்டம் இருந்தாலும் ராடு போனதுதான். இல்லை என்றால், பிளாக்கைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் மேக்னெட் கவரைக் கழற்றிவிடுங்கள்.